மூச்சுவிடாத இன்ஜினைத் தேடி

குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெறும் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினால், அது கையை மீறித் திமிறிக்கொண்டு மேலே வரும். அதே குடத்தைக் கொஞ்சம் சாய்த்து நீர் நிரம்ப விட்டால், சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்குவதும் எழுவதும் இந்தக் குடத்தின் கதைதான். கப்பல் தன் உடலால் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. கப்பலின் எடை அதைவிடக் குறைவு என்றால் மிதக்கும், கூடினால் மூழ்கும். உள்ளே தொட்டிகள் வைத்து அவற்றில் கடல்நீரை விட்டால் எடை கூடும். அந்த நீரை வெளியேற்றினால் எடை குறையும். 1578ஆம் ஆண்டிலேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர், படகின் பருமனைக் கூட்டிக் குறைத்து மூழ்கவும் எழவும் வைக்கலாம் என்று எழுதிவிட்டார்.

ஆனால், போதிய வேகத்துடனும் தூரத்துடனும் செல்லும் நீர்மூழ்கி கைக்கு வர அதன்பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தடையாக நின்ற கேள்வி வேறு: அடியில் போனபிறகு எந்தச் சக்தியைக் கொண்டு நகர்வது?

இந்தக் கேள்வியின் கனம் புரிய ஒரு கணக்குப் போதும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். 15 கிலோ காற்று என்பது சுமார் 12 கன மீட்டர். ஒரு சிறிய அறையின் மொத்தக் காற்று. சாலையில் ஓடும் வண்டி இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, வானம் முழுக்க அதற்குச் சொந்தம். மூடிய இரும்புக் கூட்டுக்குள் இன்ஜினை ஓட்டினால், அது உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றைத்தான் தின்னும். தின்றபின் வெளிவிடும் புகையை எங்கே அனுப்புவது என்ற தொல்லையும் உண்டு. ஆகவே நீர்மூழ்கியின் வரலாறு என்பது, பெரும்பகுதி, மூச்சுவிடாத ஓர் இன்ஜினைத் தேடி அலைந்த வரலாறு. அந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால், விசித்திரமாகத் தோன்றும் பழைய வடிவமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் நியாயம் தெளிவாகத் தெரியும்.

முதலில் கிடைத்த இன்ஜின் மனிதன்தான். 1620களில் கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் ஒரு படகை நீருக்குள் ஓட்டிக் காட்டினார். மரச்சட்டத்தின்மேல் எண்ணெய் ஊட்டிய தோல் போர்த்திய அந்தப் படகை, ஆட்கள் துடுப்பு வலித்து நகர்த்தினார்கள். உள்ளே கெட்டுப்போன காற்றைப் புதுப்பிக்க டிரெபெலிடம் ஒரு ரகசியத் திரவம் இருந்ததாக ராபர்ட் பாயில் 1660இல் எழுதியிருக்கிறார். ஆக, முதல் முயற்சியிலேயே மூச்சுதான் முக்கியமான விஷயமாகிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல், 'டர்ட்டில்' என்ற ஒற்றை ஆள் நீர்மூழ்கியைக் கட்டினார். இரண்டு ஆமை ஓடுகளைச் சேர்த்து வைத்ததுபோன்ற ஓக் மரக்கூடு. நிமிர்ந்த முட்டையைப் போல நீரில் நிற்கும். இதன் உட்புறத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். காலுக்கடியில் ஒரு வால்வு. அதை மிதித்தால் அடித்தொட்டிக்குள் நீர் ஏறும், படகு இறங்கும். மேலே வர, பம்ப் அடித்து அந்த நீரை வெளியேற்ற வேண்டும். எதிரே ஒரு கைப்பிடி. சுற்றினால் முன்புறம் உள்ள திருகுவிசிறி படகை முன்னே இழுக்கும். தலைக்கு அருகே இன்னொரு கைப்பிடி. அதைச் சுற்றினால் மேலும் கீழும் போகலாம். சுக்கானையும் அவரேதான் பிடிக்க வேண்டும். திசைகாட்டியையும் ஆழமானியையும் இருட்டில் பார்க்க மெழுகுவத்தி ஏற்ற முடியாது, அது காற்றைத் தின்றுவிடும். அதனால், மட்கிய மரத்தில் வளர்ந்து இருளில் தானாக ஒளிரும் ஒருவகைப் பூஞ்சையை முட்களில் ஒட்டிவைத்தார்கள். இத்தனையும் செய்ய உள்ளே இருந்த காற்று அரை மணி நேரத்துக்குத்தான் காணும்.

1776 செப்டம்பரில் எஸ்ரா லீ என்ற சார்ஜென்ட் இதில் ஏறி, நியூயார்க் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஈகிள்' அடிவயிற்றில் வெடிமருந்துப் பீப்பாயைத் திருகி மாட்டப் போனார். திருகு இறங்கவில்லை. ஆற்றின் ஓட்டமும் அவரை அலைக்கழித்தது. முயற்சி பலிக்காவிட்டாலும், ஒரு மனிதனின் இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் எவ்வளவு வேலை கொடுக்க முடியுமோ அவ்வளவையும் புஷ்னெல் கொடுத்துப் பார்த்துவிட்டார்.

மனித ஆற்றலின் எல்லை எது என்பதையும் எண்ணிக்கையில் பார்த்துவிடலாம். நெடுநேரம் விடாமல் கைப்பிடி சுற்றும் ஆள் ஒருவர் தரக்கூடியது சுமார் 75 வாட். நம் சமையலறை மிக்சி ஒன்று 750 வாட். அதாவது பத்துப் பேர் வியர்க்க வியர்க்கச் சுற்றினால் ஒரு மிக்சி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கட்டிய 'ஹன்லி' நீர்மூழ்கியில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே தண்டைச் சுற்றினார்கள், எட்டாமவர் ஓட்டினார். 12 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கலம் ஒரு மிக்சியைவிடக் குறைந்த ஆற்றலில் கடலுக்குள் போனது. ஆட்களைக் கூட்டினாலும் பயன் சொற்பமே. நீரில் வேகத்தை இரட்டிப்பாக்க ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். கூடுதல் ஆட்களுக்குக் கூடுதல் காற்று வேண்டும். அதற்குக் கப்பல் பெரிதாக வேண்டும். பெரிதானால் நகர்த்த இன்னும் ஆற்றல் வேண்டும். 1864 பிப்ரவரி 17 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே 'ஹூசட்டானிக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்து, பகைவர் கப்பலை வீழ்த்திய முதல் நீர்மூழ்கி என்ற பெயரை ஹன்லி பெற்றது. ஆனால் அந்த இரவே எட்டுப் பேருடன் அதுவும் மூழ்கிப்போனது. அதற்கு முன் சோதனைகளில் இரண்டு முறை மூழ்கிப் பதின்மூன்று பேரைப் பலிகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு அதை மேலே எடுத்தார்கள்.

அழுத்தத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் கூடுதலாக ஒரு கிலோ கனம் ஏறும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவுள்ள ஒரு மூடியின்மேல் அது இரண்டரை டன். 1851 பிப்ரவரி 1 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் வில்ஹெல்ம் பவர் தன் 'பிராண்ட்டவுச்சர்' நீர்மூழ்கியோடு அடித்தரைக்குப் போய்விட்டார். சக்கரத்தை மிதித்து ஓட்டும் கலம் அது. செலவைக் குறைக்கத் தகடுகளை மெலிதாக்கியிருந்தார்கள். மூடி திறக்கவில்லை. பவர், தன்னுடன் இருந்த இருவரிடமும், தண்ணீரை உள்ளே வர விடுங்கள் என்றார். மரண பயத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். நீர் ஏற ஏற உள்ளே இருந்த காற்று அமுங்கி, வெளி அழுத்தத்துக்குச் சமமானது. பல மணி நேரக் காத்திருப்புக்குப் பின் மூடி திறந்து மூவரும் உயிரோடு மேலே வந்தார்கள். இயற்பியலை நம்பி உயிர் பிழைத்தவர்கள் என்றால் இவர்கள்தான். அந்தக் கலம் இன்று டிரெஸ்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மனிதனை விட்டால் அடுத்து எது? காற்றையே எரிபொருளாக எடுத்துப் போனால் என்ன என்று பிரெஞ்சுக்காரர்கள் யோசித்தார்கள். சிமியோன் பூர்ஷ்வாவும் சார்ல் பிரனும் வடிவமைத்த 'ப்ளோன்ழர்' 1863 ஏப்ரலில் ரோஷ்ஃபோரில் நீரில் இறங்கியது. 42 மீட்டருக்கும் கூடுதலான நீளம். அதற்குள் 23 தொட்டிகளில் 12 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் காற்று. அந்தக் காற்று 80 குதிரைத்திறன் இன்ஜினை ஓட்டும். ஓட்டிவிட்டு வெளிவரும் காற்றை ஆட்கள் சுவாசிக்கலாம். எண்ணம் அழகானதுதான். ஆனால் தொட்டிகள் மட்டும் 150 கன மீட்டருக்கு மேல் இடத்தை விழுங்கின. அத்தனை காற்றும் தந்தது சுமார் ஒன்பது கிலோமீட்டர் பயணம். இன்னொரு சிக்கல் மறைந்திருந்தது: காற்றுக்கும் எடை உண்டு. அந்தத் தொட்டிகளில் இருந்த காற்றின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். அந்தக் காற்று குமிழியாக வெளியேற வெளியேறக் கப்பல் இலேசாகிக்கொண்டே போகும். நீண்ட உடல் முன்னும் பின்னுமாகத் துலாக்கோல்போல் ஆடியதால், ஒரே ஆழத்தில் நிலையாக நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் அது தண்ணீர் ஏற்றிச் செல்லும் கப்பலானது.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமானவருக்கு வருகிறேன். நார்சிஸ் மோன்டுரியோல். ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் உள்ள ஃபிகரஸ் ஊரில் 1819இல் பிறந்தவர். குடியரசுக் கொள்கைக்காரர், சமத்துவ சமுதாயத்தைக் கனவு கண்டவர். அரசின் கண்ணில் படாமல் கடக்கேஸ் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, பவளம் எடுக்க மூச்சடக்கி மூழ்குபவர்களின் பாட்டைக் கண்டார். அவர்களில் ஒருவர் இறந்துபோனதைப் பார்த்ததும்தான், மனிதன் பாதுகாப்பாகக் கடலடியில் வேலை செய்ய ஒரு கப்பல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. இங்கே பேசியவற்றில் பலவும் போருக்காகப் பிறந்தவை. இவருடையது பவளம் எடுப்பவர்களுக்காகப் பிறந்தது. அதனால்தான் இவர் பெயரைத் தமிழில் நாலு பேர் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவருடைய முதல் 'இக்தினேயோ' 1859இல் பார்சலோனாவில் இறங்கியது. கிரேக்க மொழியில் மீனுக்கும் கப்பலுக்கும் உள்ள சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை மூழ்கி எழுந்தது. 1862இல், துறையில் கட்டி நின்றபோது ஒரு சரக்குக் கப்பல் மோதி நொறுங்கியது. மக்களிடம் பணம் திரட்டி, 1864இல் இரண்டாவதை இறக்கினார். அதிலும் முதலில் பதினாறு பேர் கைப்பிடி சுற்றினார்கள், வேகம் போதவில்லை. நீராவி இன்ஜின் வைக்கலாம் என்றால், நிலக்கரி எரியக் காற்றுக்கு எங்கே போவது?

அவர் கண்டுபிடித்த விடையின் பொருள்கள் எல்லாம் நம் வீட்டில் இருப்பவைதான். துத்தநாகம்: பழைய டார்ச் பேட்டரியின் வெளிக்கூடு. மாங்கனீசு டை ஆக்சைடு: அதே பேட்டரியை உடைத்தால் கையை அழுக்காக்கும் கறுப்புத் தூளில் இருப்பது. பொட்டாசியம் குளோரேட்: தீக்குச்சித் தலையில் இருப்பது. குளோரேட்டைச் சூடாக்கினால் அது உடைந்து தனக்குள் பூட்டிவைத்திருக்கும் ஆக்சிஜனை விடும். மாங்கனீசு டை ஆக்சைடு அந்த உடைப்பை விரைவுபடுத்தும். அந்த ஆக்சிஜனில் துத்தநாகம் கடும் வெப்பத்தோடு எரியும். அந்த வெப்பத்தில் கொதிகலன் நீர் ஆவியாகி இன்ஜினை ஓட்டும். எரிந்ததுபோக மிஞ்சும் ஆக்சிஜனை ஆட்கள் சுவாசிக்கலாம்.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. துத்தநாகம் எரிந்து வெண்மையான ஆக்சைடாக உள்ளேயே தங்கிவிடுவதால், நிலக்கரிபோலப் புகையை வெளியே தள்ள வேண்டிய தொல்லையும் இல்லை. ப்ளோன்ழர் ஓட ஓட எடை இழந்ததே, அந்தச் சிக்கலும் இதில் இல்லை. மற்றவர்கள் மனிதர்களின் மூச்சுக்காற்றை எப்படி மிச்சப்படுத்தலாம் என்று பார்த்த காலத்தில், இவருடைய இன்ஜின் மூச்சுக்காற்றை உண்டாக்கித் தந்தது. 1867 டிசம்பரில் அந்த இன்ஜினை நீருக்கடியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் அதே மாதம் அவருடைய நிறுவனம் திவாலாகிவிட்டது. மறு ஆண்டு இக்தினேயோவை உடைத்துப் பழைய சாமானாக விற்றார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை. உலோகத்தால் ஒரு மூன்றாவது கப்பல் கட்ட அவருக்குப் பணம் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் காரெட் என்ற பாதிரியார் வேறு வழியில் போனார். பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்தபின்னும் வெயிட்டைத் தூக்கினால் ஆவி சீறிக்கொண்டு வரும். அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீர் தன்னுள் அவ்வளவு வெப்பத்தைச் சேமித்திருக்கிறது. காரெட்டின் 'ரெசர்கம்' நீர்மேல் இருக்கும்போது நிலக்கரி எரித்துக் கொதிகலனைச் சூடேற்றும். மூழ்குமுன் நெருப்பை அடைத்துவிட்டு, சேமித்த வெந்நீரின் ஆவியில் ஓடும். உள்ளே இருப்பவர்களுக்குக் கொதிகலனோடு ஒரே அறையில் அடைபட்ட நிலை. 'மீண்டும் எழுவேன்' என்று லத்தீனில் பொருள்படும் பெயரோடு 1879இல் பிறந்த அது, 1880 பிப்ரவரியில் இழுத்துச் செல்லப்படும்போது வேல்ஸ் கரைக்கு அப்பால் மூழ்கியது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த நோர்டன்ஃபெல்ட் காரெட்டுடன் சேர்ந்து கிரீஸுக்கும் துருக்கிக்கும் இதே முறையில் பெரிய நீர்மூழ்கிகளைக் கட்டினார். அவையும் நிலை கொள்ளாமல் ஆடின.

மின்சாரம் வந்தபோதுதான் மூச்சுவிடாத இன்ஜின் உண்மையிலேயே கைக்கு வந்தது. மோட்டாருக்குக் காற்று வேண்டாம், புகை இல்லை, ஓசையும் குறைவு. 1888 செப்டம்பரில் ஸ்பெயினில் இசாக் பெரலின் நீர்மூழ்கியும், பிரான்சில் 'ஜிம்நோட்'டும் சில நாள் இடைவெளியில் நீரில் இறங்கின. இரண்டும் பேட்டரியில் ஓடின. பெரலின் கப்பலை இன்றும் கார்த்தஹேனாவில் பார்க்கலாம். ஆனால் ஒரு கிலோ பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலையோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ ஈயப் பேட்டரி தருவது நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பேட்டரி தீர்ந்தால் கரைக்குத் திரும்பித்தான் ஏற்ற வேண்டும்.

தீர்வு உண்மையில் முன்பே கண்ணெதிரே இருந்தது. 1800இல் ராபர்ட் ஃபுல்டன் பிரான்சில் கட்டிய 'நாட்டிலஸ்' நீர்மேல் போகும்போது மடக்குப் பாயை விரிக்கும். மூழ்கும்போது பாயைச் சுருட்டிவிட்டுக் கைப்பிடி சுற்றும். மேலே ஒரு சக்தி, கீழே ஒரு சக்தி. அயர்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜான் ஹாலண்ட், 1897 மே மாதம் இறக்கிய ஆறாவது கப்பலில் இதையே புது வடிவில் செய்தார். நீர்மேல் 45 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், அடியில் மின்மோட்டார். மேலே இருக்கும்போது இன்ஜின் அந்த மோட்டாரையே சுழற்றி, அதை மின்சாரம் உண்டாக்கும் மின்னாக்கியாக மாற்றி, பேட்டரியை ஏற்றிக்கொள்ளும். தொட்டியில் நீர் ஏற்றிக் கல்போல மூழ்குவதற்குப் பதிலாக, சிறிது மிதப்பை மீதம் வைத்துக்கொண்டு, ஓடும் வேகத்தில் துடுப்புத் தகடுகளைச் சாய்த்துச் சுறாமீன்போல் கீழே பாய்வது அவர் முறை. 1900 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை அதை வாங்கியது. மூடிய கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி ஆபத்தானது என்பதால், பின்னாளில் டீசல் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டு உலகப் போர்களிலும் கடலுக்குள் போன நீர்மூழ்கிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் ஓடின.

இடையில் பிரிட்டன், முதல் உலகப் போர்க் காலத்தில், புகைக்கூண்டோடு கூடிய நீராவி நீர்மூழ்கிகளைக் கட்டிப் பார்த்தது. 'கே' வகைக் கப்பல்கள். மேலே 24 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர். மூழ்குமுன் புகைக்கூண்டுகளை மடக்கி, ஒவ்வொரு திறப்பையும் அடைக்க வேண்டும். 1918 ஜனவரி 31 இரவு ஸ்காட்லாந்துக்கு அருகே, எதிரியே இல்லாத ஒரு பயிற்சியில், அவை ஒன்றோடொன்றும் மற்றக் கப்பல்களோடும் மோதி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மோன்டுரியோலின் எண்ணம் மட்டும் சாகவில்லை. ஜெர்மானியர் ஹெல்முட் வால்டர் 1930களில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கையிலெடுத்தார். காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான். பல மடங்கு செறிவோடு. அந்த நுரை வேறொன்றுமில்லை, ஆக்சிஜன். செறிந்த பெராக்சைடு உடையும்போது நீராவியும் ஆக்சிஜனும் பெருவெப்பத்தோடு பீறிடும்; அதில் எரிபொருளையும் எரித்து டர்பைனைச் சுழற்றலாம். அவருடைய சோதனைக் கலம் 1940இல் நீருக்குள் 28 நாட் வேகம் எட்டியது. அந்தத் திரவம் சிறு அழுக்குப் பட்டாலும் கொதித்தெழும் குணம் கொண்டது. 1955இல் பெராக்சைடு டார்பிடோ ஒன்று வெடித்து பிரிட்டனின் 'சைடன்' நீர்மூழ்கி துறைமுகத்திலேயே மூழ்கியது, 13 பேர் இறந்தார்கள். அதே 1955இன் ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் புதிய 'நாட்டிலஸ்' அணுசக்தியில் முதன்முதலாகக் கடலோடியது. அணு பிளவுபட ஆக்சிஜனே தேவையில்லை. இன்றும் நீர்மூழ்கிகளில் அவசரத்துக்குக் கொளுத்த வைத்திருக்கும் ஆக்சிஜன் 'மெழுகுவத்தி'களில் இருப்பது சோடியம் குளோரேட்; மோன்டுரியோல் பயன்படுத்திய உப்பின் உடன்பிறப்பு.

அணு உலை எல்லா நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் அந்தப் பழைய தேடல் இன்னும் நடக்கிறது. ஸ்வீடனின் 'கோட்லாண்ட்' வகைக் கப்பல்கள் திரவ ஆக்சிஜனோடு, உருளைக்கு வெளியே எரியும் வெப்பத்தில் இயங்கும் ஸ்டர்லிங் இன்ஜினை ஓட்டுகின்றன. பிரான்ஸ் உருவாக்கிய இன்னொரு முறையில் எத்தனால் ஆக்சிஜனோடு எரிந்து நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. இந்தியாவில் அம்பர்நாத்திலுள்ள கடற்படைப் பொருள்கள் ஆய்வகம் உருவாக்கிய எரிமின்கல அமைப்பை, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2021 மார்ச் மாதம் மும்பையில் தரையில் வைத்துச் சோதித்தது. இந்தியக் கடற்படையின் கல்வரி வகை நீர்மூழ்கிகளுக்காக உருவானது அது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியாமலேயே சேர்ந்து மின்சாரம் தருகின்றன. கழிவாக மிஞ்சுவது கடலில் விட்டுவிடக்கூடிய தண்ணீர். அந்த ஹைட்ரஜனை உருளைகளில் அடைத்து எடுத்துச் செல்வதில்லை; வேண்டியபோது வேண்டிய அளவுக்கு, கப்பலுக்குள்ளேயே வேதிவினையில் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.